செங்கல் சுவரில் வயர் காடி வெட்ட எந்த மெஷின் வாங்கலாம்?

வயர் போகும் பைப்பைப் புதைக்கச் சுவரில் வெட்டும் நீளமான பள்ளம்தான் காடி. காடி வெட்டும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட் எடுக்கட்டும்?" என்றுதான். பதிலுக்கு நான் மூன்று விஷயம் கேட்பேன். சுவர் என்ன கனம்? உள்ளே புதையப் போகும் பைப் என்ன அளவு? வெட்டும்போது கிளம்பும் தூசியை எதில் பிடிக்கப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் வாட் கணக்கு தானாக வந்துவிடும். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நான் கன்சீல்டு வயரிங், அதாவது வயரைச் சுவருக்குள் மறைத்துப் போடும் வேலை செய்கிறவன். காடி வெட்டுவது, பைப் வைப்பது, ஸ்விட்ச் பாக்ஸ் பதிப்பது, வயர் இழுப்பது எல்லாம் எங்கள் கையில்தான் நடக்கிறது. கம்பெனி பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. வகையும் அளவும் சரியாக அமைந்தால், உதிரி பாகம் கிடைக்கிற எந்த நல்ல மெஷினும் வேலை செய்யும்.

சுவர் எவ்வளவு தாங்கும்

சுமை தாங்கும் செங்கல் சுவருக்குப் பல நாட்டுக் கட்டட விதிகளில் ஒரே மாதிரியான வரம்பு இருக்கிறது. மேலிருந்து கீழாக வெட்டும் நேர்க்காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. இடமிருந்து வலமாக வெட்டும் படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. படுக்கையாக வெட்டும்போது சுவரின் சுமை இறங்கும் குறுக்குவெட்டு அந்த நீளம் முழுக்கக் குறைகிறது. அதனால்தான் அதற்குக் கடுமையான வரம்பு.

230 மி.மீ. சுவரில் நேராக 75 மி.மீ. வரை வெட்டலாம், படுக்கையாக 38 மி.மீ. வரை. இதில் எந்த பைப்பும் அடங்கிவிடும். சிக்கல் வருவது அரைச்செங்கல் சுவரில். 115 மி.மீ. கனத்துக்கு நேர்க்காடி 38 மி.மீ., படுக்கைக் காடி வெறும் 19 மி.மீ. தான். 20 மி.மீ. பைப்பே அதில் முழுசாக உட்காராது. அதாவது அரைச்செங்கல் சுவரில் படுக்கையாகக் காடி வெட்டும் யோசனையையே விட்டுவிட வேண்டும். மேலே கூரைப் பக்கம் பைப்பை ஓட்டி, தேவையான இடத்தில் நேராக இறக்குங்கள். எவ்வளவு நல்ல மெஷின் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அரைச்செங்கல் சுவரில் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் காடி எடுப்பதும் கூடாது. இந்த அறையில் ஒரு ஸ்விட்ச், சுவருக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில் இன்னொரு ஸ்விட்ச் என்று வரைபடத்தில் போட்டிருந்தால், ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஹாலோ பிளாக், ஹாலோ செங்கல் என்றால் வெளி ஓட்டின் கனம்தான் கணக்கு. அதில் அடித்து உடைக்கிற வேலையே ஆகாது. ஓடு மொத்தமாக உள்ளே விழுந்துவிடும். எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவருக்குப் பெரிய மெஷினே தேவையில்லை, கையால் இழுக்கும் காடிச் சுரண்டி போதும். கான்கிரீட் தூண், பீம், லின்டல் இவற்றில் காடி வெட்டவே வேண்டாம். பிளேடு கம்பியைத் தொட்டால் பிளேடும் போகும், கம்பியும் போகும்.

பைப்பை வைத்து ஆழம்

20 மி.மீ. பைப் என்றால் அதற்கு மேல் குறைந்தது 10 மி.மீ. கலவை மூட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்த பிறகு பைப் போன வழியெல்லாம் மயிர்க்கோடு விழும். ஆகவே முடிந்த சுவர் முகத்திலிருந்து 30 மி.மீ. ஆழம் வேண்டும். 25 மி.மீ. பைப்புக்கு 35. பூச்சு வேலைக்கு முன்பே வெட்டுகிறீர்கள் என்றால், பின்னால் வரப்போகும் 12 முதல் 15 மி.மீ. பூச்சு மேல்மூடியாகச் சேர்ந்துவிடும். செங்கலில் பைப் மட்டம் மறையும் அளவு வெட்டினால் போதும். ஏற்கெனவே பூசிய சுவர் என்றால் பூச்சையும் சேர்த்து முழு ஆழமும் வெட்ட வேண்டும். அகலத்துக்கு பைப் அளவோடு 5 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். கலவை இரண்டு பக்கமும் இறங்க அந்த இடைவெளி வேண்டும்.

இந்த இரண்டு எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 20 மி.மீ. பைப், பூசிய சுவர் என்றால் 25 அகலம், 30 ஆழம். இனி ஒவ்வொரு மெஷினையும் இந்த எண்ணை வைத்துத்தான் பார்க்கப் போகிறோம்.

ஆங்கிள் கிரைண்டர்

எல்லார் கையிலும் இருப்பது 4 இஞ்ச் கிரைண்டர். இரண்டு கோடு போட்டு இரண்டு வெட்டு வெட்டி நடுவில் உடைத்தால் காடி வந்துவிடும், இதற்கு எதற்குத் தனி மெஷின் என்று தோன்றும். ஆனால் 100 மி.மீ. டிஸ்க்கில் பிளேட்டின் பாதி அளவை, அதை இறுக்கிப் பிடிக்கும் பிளாஞ்சும் கியர் தலையும் எடுத்துக்கொள்கின்றன. 20 மி.மீ. தாண்டியதுமே தலை சுவரில் முட்ட ஆரம்பிக்கும். பூசாத சுவரில் 20 மி.மீ. பைப்புக்கு அது ஒப்பேறும். பூசிய சுவரில் முழு ஆழம் கிடைக்காது, மீதியை உளியால் எடுக்க வேண்டியிருக்கும்.

அந்த ஆழக் குறையைச் சரிக்கட்டத்தான் சிலர் டிஸ்க்கை மூடியிருக்கும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு 7 இஞ்ச் டிஸ்க்கை 4 இஞ்ச் கிரைண்டரில் மாட்டுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், செய்கிறவரைப் பார்த்தால் நிறுத்துங்கள். காரணம் எளிது. 4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். பொதுவாக வெட்டும் டிஸ்க்குகள் விளிம்பில் விநாடிக்கு 80 மீட்டர் வேகத்துக்குத்தான் உத்தரவாதம் கொண்டவை. 180 மி.மீ. டிஸ்க் 11,000 சுற்றில் விநாடிக்கு 103 மீட்டர் தாண்டும். டிஸ்க் சிதறினால் தடுக்கக் கார்டும் கிடையாது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு முழம் தூரத்தில் இது நடக்கும். எந்த டிஸ்க் வாங்கினாலும் அதில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சுற்றுவேகம் உங்கள் மெஷினின் சுற்றுவேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

கிரைண்டரில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் 5 இஞ்ச் எடுங்கள், 1000 முதல் 1400 வாட். அதோடு தூசி மூடியும் வாங்குங்கள்: டிஸ்க்கை முழுக்க மூடி, வேக்கம் (தூசி உறிஞ்சும் மெஷின்) குழாய் மாட்ட வாய் வைத்த கார்டு. ஆழம் வைத்துக்கொள்ள அளவும், சுவரில் உருள இரண்டு சக்கரமும் அதிலேயே வரும். அது இருந்தால் கிரைண்டர் ஏறக்குறைய ஒற்றை பிளேடு காடி மெஷினாகிவிடும். வீட்டில் ஒரு அறைக்கு, ஒன்றிரண்டு புதுப் பிளக் பாயின்டுக்கு இதுவே போதும். தனி மெஷின் வாங்கிப் பரண் மேல் போடத் தேவையில்லை.

மார்பிள் கட்டர்

வயரிங் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். 110 மி.மீ. பிளேடு, 1200 முதல் 1500 வாட், 30 முதல் 35 மி.மீ. வரை ஆழம். அடித்தட்டு இருப்பதால் ஆழம் ஒரே சீராக வரும். அந்த வகையில் கிரைண்டரைவிட ஒரு படி மேல். 20 மி.மீ. பைப்புக்கு ஆழமும் சரியாக அமைகிறது.

குறை என்னவென்றால், இது தரையிலோ மேசையிலோ படுத்த கல்லை, மேலிருந்து கீழே பார்த்து வெட்டுவதற்காகச் செய்த மெஷின். சுவரில் நிமிர்த்திப் பிடித்து வெட்டும்போது எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். தூசி நேராக முகத்துக்கு வரும். தூசி வாய் உள்ள மாடல்கள் உண்டு, ஆனால் சுவரோடு ஒட்டி மூடும் அமைப்பு பெரும்பாலானவற்றில் இல்லை. மோட்டார் காற்றுவழிக்குள் செங்கல் தூள் போய்க் கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். தண்ணீர் இணைப்பு இருக்கிறதே, தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்குமே என்று கேட்கலாம். சுவரில் விட்ட தண்ணீர் அப்படியே மெஷின் பிடித்திருக்கும் கை வழியாக வழியும். மின்சார மெஷினில் நான் அதற்குத் துணிய மாட்டேன்.

மார்பிள் கட்டரை ஏற்கெனவே வைத்திருப்பவர் அதற்குப் பொருந்தும் தூசி மூடி தேடிப் பாருங்கள். காடி வேலைக்கென்றே புதிதாக வாங்குகிறவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

காடி மெஷின்: இரட்டை பிளேடும் பல பிளேடும்

இதுதான் இந்த வேலைக்கென்று பிறந்தது. வால் சேசர், குரூவ் கட்டர் என்று கடையில் சொல்வார்கள். ஒரே தண்டில் இரண்டு டைமண்ட் பிளேடு, நடுவில் ஸ்பேசர் வளையங்கள். வளையத்தைக் கூட்டிக் குறைத்தால் அகலம் மாறும். ஆழத்துக்குத் தனித் திருகு. பிளேடு முழுக்க மூடிக்குள் இருக்கும். அழுத்தும்போதுதான் சுவருக்குள் இறங்கும். மூடியின் பின்பக்கம் வேக்கம் குழாய்.

125 மி.மீ. பிளேடு மாடல்களில் ஆழம் 30 முதல் 40 மி.மீ. வரை கிடைக்கும், 150 மி.மீ. பிளேடு மாடல்களில் 35 முதல் 45. மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருப்பதால் பிளேடு அளவைப் பார்த்து ஊகிக்காமல், அட்டையில் அதிகபட்ச வெட்டு ஆழம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 25 மி.மீ. பைப்பைப் பூசிய சுவரில் புதைக்கிறவருக்கு 35 கட்டாயம், 30 மி.மீ. மாடல் அவருக்குக் காலம் முழுக்கக் குறையாகவே இருக்கும். வாட் 1400-இல் தொடங்கும். இரண்டு பிளேடும் 30 மி.மீ. இறங்கி நிற்கும்போது சின்ன மோட்டார் திணறும், ஆகவே தினமும் ஓடப் போகிற மெஷினுக்கு 1700-க்கு மேல் எடுப்பது நல்லது. மெதுவாக வேகம் பிடிக்கும் சாஃப்ட் ஸ்டார்ட், சுமை கூடினால் தானே அணையும் பாதுகாப்பு இந்த இரண்டும் இருக்க வேண்டும். சாஃப்ட் ஸ்டார்ட் இல்லாத மெஷினைப் போடும்போது அந்த முதல் இழுப்பிலேயே பிரேக்கர் விழலாம். தளத்துக்குத் தளம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டு பிளேடு மெஷின் நடுவில் ஒரு செங்கல் நாக்கை விட்டுவிட்டு வரும். அதைத் தனியாக உடைத்து எடுக்க வேண்டும். அந்த வேலையும் வேண்டாம், ஒரே ஓட்டத்தில் காடி காலியாக வந்துவிடும் என்று ஐந்து பிளேடு மெஷினைக் காட்டுவார்கள். வேகம் உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 25 அகலம், 30 ஆழத்தில் ஒரு மீட்டர் காடி என்றால் வெளியே வர வேண்டிய செங்கல் 750 கன செ.மீ., எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். இரண்டு பிளேடு மெஷினில் தூளாவது இரண்டு வெட்டுக்கோடு மட்டும். மீட்டருக்குக் கால் கிலோவை ஒட்டி வரும். மீதி கட்டியாக விழும், கூடையில் அள்ளிவிடலாம். பல பிளேடு மெஷினிலோ ஏறக்குறைய மொத்தமும் தூளாகிறது. அவ்வளவு தூளையும் பிடிக்க வேக்கம் உங்களிடம் இல்லையென்றால் அந்த மெஷின் பக்கம் போகாதீர்கள். ஆள் குடியிருக்கும் வீட்டில் நான் இரண்டு பிளேடு மெஷினைத் தவிர வேறு எதையும் இறக்குவதில்லை.

பேட்டரி மெஷினும் வந்துவிட்டது. கரண்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மூன்று பாயின்ட் என்றால் வசதி. நாள் முழுக்க வெட்ட வேண்டுமானால் பேட்டரி மாற்றியே ஓய்ந்துவிடுவீர்கள். வயர் உள்ளதையே வாங்குங்கள்.

நடுவில் நிற்கும் நாக்கை எடுக்க

வெட்டுவது பாதி வேலை, உடைத்து எடுப்பது மீதிப் பாதி. மெஷின் வாங்கும்போது இந்தப் பாதியை யாரும் நினைப்பதில்லை.

காடி மெஷினோடு ஒரு வளைந்த உளி வரும். அதை வெட்டுக்கோட்டுக்குள் விட்டுப் பக்கவாட்டில் ஒரு நெம்பு நெம்பினால், நன்கு வெந்த செங்கலில் நாக்கு அடியோடு முறிந்து விரல் நீளத் துண்டாக வரும். முறியும்போது ஒரு சத்தம் கேட்கும், காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் ஆழம் சரியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் மேலே மட்டும் உதிர்ந்தால் பிளேடு அடிவரை போகவில்லை. மேலிருந்து கீழே வரிசையாக நெம்பிக்கொண்டே வர வேண்டும்; நடுவில் ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் இறுகிக்கொள்ளும். நாக்கு அகலமாக இருந்தால், நடுவில் இன்னொரு வெட்டு போட்டுவிட்டு நெம்புங்கள்.

நிறைய மீட்டர் போக வேண்டுமென்றால் ரோட்டரி ஹேமர் தேவை. உளியைச் செருகினாலே பூட்டிக்கொள்ளும் எஸ்டிஎஸ் பிளஸ் வகை, 2 முதல் 3 கிலோ எடை, அடிவிசை 2 முதல் 3 ஜூல். வாங்கும் முன் ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்யுங்கள்: உளி மோடு இருக்க வேண்டும். அதாவது சுற்றாமல் வெறுமனே அடிக்கும் மோடு. துளை, அடித்துத் துளை என்று இரண்டு மோடு மட்டும் உள்ள மாடல்கள் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், காடிக்கு அவை உதவாது. சாவி போட்டு இறுக்கும் சாதாரண இம்பாக்ட் டிரில் இந்த வேலைக்கே ஆகாது. 5 கிலோ, 6 கிலோ டெமாலிஷன் மெஷினும் வேண்டாம். அரைச்செங்கல் சுவரில் அதை வைத்தால் மறுபக்கப் பூச்சு தொப்பென்று விழும்.

உளியில் 20 மி.மீ. அகலத் தட்டை உளி ஒன்று, அடியைச் சமப்படுத்த குழி உளி ஒன்று. இரண்டும் போதும். உளியைச் சுவருக்கு நேராகக் குத்தாமல் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் சுவரின் மூட்டுக்கலவை அசையும். கட்டி முடித்துச் சரியாக நீராற்றாத புதுச் சுவரில் செங்கல்லே ஆடிவிடும், ஆகவே கட்டுவேலை நன்றாக இறுகிய பிறகுதான் காடியில் கை வைக்க வேண்டும்.

ஸ்விட்ச் பாக்ஸ் குழிக்கும் இதே ஹேமர்தான். நான்கு பக்கமும் கோடு வெட்டி, உள்ளே வரிசையாகத் துளை போட்டு, பிறகு உளி வைத்தால் ஓரம் சிதறாது. வட்டப் பெட்டி பதிக்கிறவர்கள் கோர் கட்டர் வாங்கலாம். டைமண்ட் கோர் என்றால் ஹேமர் அடியை நிறுத்திவிட்டுச் சுற்ற மட்டும் விட வேண்டும். அடித்தால் டைமண்ட் பற்கள் கழன்று போகும்.

பிளேடு

மெஷினுக்குச் செலவு செய்துவிட்டு பிளேடில் மிச்சம் பிடிக்கிறார்கள். வெட்டுவது பிளேடுதான்.

செங்கலுக்கு உலர்வெட்டு டைமண்ட் பிளேடு, விளிம்பில் இடைவெளி விட்டுப் பற்கள் இருக்கும் வகை. அந்த இடைவெளி வழியாகத்தான் தூள் வெளியேறும், பிளேடும் ஆறும். விளிம்பு முழுசாக இருக்கும் டைல்ஸ் பிளேடு தண்ணீரோடு வெட்டுவதற்கானது. செங்கலில் சில மீட்டரிலேயே சூடேறி நீலம் பாரித்துவிடும். மெல்லிய கறுப்பு உராய்வு டிஸ்க் வெட்ட வெட்டச் சிறுத்துக்கொண்டே போகும், காடியின் ஆழமும் அதோடு குறையும். அது இந்த வேலைக்கு வேண்டாம்.

கடையில் பலரும் சொல்லாத ஒன்று: செங்கல் மென்மையானது, ஆனால் அரிக்கும் குணம் அதிகம். அதனால் செங்கலுக்கு டைமண்டைப் பிடித்திருக்கும் உலோகக் கலவை கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் சீக்கிரம் கரையும். கிரானைட், கெட்டிக் கான்கிரீட்டுக்கு நேர்மாறு. அங்கே இளகிய கலவை வேண்டும், அப்போதுதான் பழைய டைமண்ட் உதிர்ந்து புதியது தலைகாட்டும். ஆகவே 'எல்லாவற்றுக்கும் ஆகும்' என்ற பிளேடைவிட, செங்கலுக்கும் கட்டுவேலைக்கும் என்று போட்டிருப்பதை எடுங்கள்.

பிளேடு திடீரென்று வெட்ட மறுத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பற்களை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு டைமண்ட் துகளுக்குப் பின்னாலும் உலோகம் வால் போல நீண்டிருக்கும். வழுவழுவென்று பளபளத்தால் பிளேடு மழுங்கவில்லை, மூடிக்கொண்டிருக்கிறது. அரிக்கும் தன்மையுள்ள மணல் பிளாக்கிலோ மட்டமான செங்கலிலோ சில வெட்டு போட்டால் திறந்துகொள்ளும். மாட்டும்போது பிளேடில் உள்ள அம்புக்குறி மெஷினின் சுழற்சித் திசையோடு ஒத்துப்போக வேண்டும். இரட்டை பிளேடு மெஷினில் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒன்று புதியது, ஒன்று தேய்ந்தது என்று ஓட்டினால் காடியின் ஒரு பக்கம் ஆழமும் மறுபக்கம் மேடுமாக வரும்.

தூசி

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செங்கல், மணல், சிமென்ட் கலவை எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. டைமண்ட் பிளேடு அதை அரைக்கும்போது கண்ணுக்கே தெரியாத அளவு நுண்தூளாக்குகிறது. கண்ணில் படும் சிவப்புப் புகை மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கும். நாளடைவில் நுரையீரல் தழும்பேறி இறுகுவதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். அதைக் குணமாக்க மருந்து இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் படிக சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கா 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சுவாசிக்கும் சிலிக்கா இருக்கக் கூடாது. மீட்டருக்குக் கால் கிலோ தூள் என்று மேலே பார்த்தோமே, அந்தக் கால் கிலோவில் மிகச் சிறு பகுதி பறந்தாலும் மூடிய அறையில் இந்த வரம்பு பல மடங்கு தாண்டிவிடும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வெட்டுவார். அந்தத் தலைமுறைக்கு வேறு வழி தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கூடவரும் பையனைத் துண்டோடு நிற்க வைக்கக் கூடாது.

ஆகவே வேக்கம் என்பது கூடுதல் வசதி இல்லை, மெஷினின் ஒரு பாகம். பட்ஜெட் போடும்போதே அதற்கும் சேர்த்துப் போடுங்கள். இரண்டுக்கும் பணம் போதவில்லையா, காடி மெஷினைத் தள்ளிப்போட்டு கிரைண்டர், தூசி மூடி, நல்ல வேக்கம் என்று தொடங்குங்கள். வேக்கம் எப்படி இருக்க வேண்டும்? ஐரோப்பியத் தரத்தில் எல், எம், எச் என்று மூன்று வகுப்பு உண்டு. கட்டடத் தூசிக்கு குறைந்தது எம் வகுப்பு. அதில் தூசியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கசியக் கூடாது. காற்று இழுக்கும் திறனுக்கு அதே அமெரிக்க விதி ஒரு நல்ல அளவுகோல் தருகிறது: பிளேடு விட்டத்தில் ஒவ்வொரு இஞ்சுக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி. 5 இஞ்ச் பிளேடுக்கு 125 கன அடி, லிட்டரில் ஏறக்குறைய 3,500. வேக்கம் அட்டையில் போட்டிருக்கும் எண் குழாய் மாட்டாமல் எடுத்தது, ஆகவே அதற்குக் கொஞ்சம் மேலேயே பாருங்கள். ஃபில்டரைத் தானே தட்டிச் சுத்தம் செய்யும் அமைப்பு அவசியம். அது இல்லாத வேக்கத்தில் சில மீட்டரிலேயே ஃபில்டர் அடைத்து, இழுப்பு குறைந்து, மூடியின் ஓரமாகத் தூசி கசிய ஆரம்பிக்கும். மெஷினை இயக்கியதும் வேக்கமும் சேர்ந்து ஓடும் பிளக் இருந்தால் இன்னும் நல்லது, மறந்துபோக வாய்ப்பில்லை.

வீட்டு வேக்கம் கிளீனரை இதற்கு மாட்டாதீர்கள். ஃபில்டர் வழியாக நுண்தூளைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும், மோட்டாரும் சீக்கிரம் போகும்.

வேக்கம் இருந்தாலும் மாஸ்க் வேண்டும். நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க் வகைகளில் எஃப்எஃப்பி3 அல்லது பி100 கிடைத்தால் அது. இல்லாவிட்டால் குறைந்தபட்சம் என்95. இரண்டு பட்டையும் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, தாடை ஓரம் காற்று புகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. செங்கல் நாக்கை நெம்பி எடுக்கும்போதும், கடைசியில் தரையைப் பெருக்கும்போதும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கியதெல்லாம் மறுபடி எழும். அதையும் வேக்கத்தால் இழுங்கள், அல்லது தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள். காதடைப்பானும் கண்ணாடியும் சொல்லவே தேவையில்லை.

கரண்ட்

1900 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வேக்கம் இன்னொரு 5 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் வயர் நீளமாகப் போனால் 2.5 சதுர மி.மீ. எடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருட்டிய நிலையிலேயே ஓட்டினால் உள்ளே வெப்பம் ஏறி உறை உருகும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக இணைப்பு எடுப்பது கட்டாயம்.

வாங்கும்போதும், முதல் வெட்டிலும்

கடையில் மெஷினைக் கையில் எடுத்து, நெஞ்சு உயரத்தில் சுவரில் வைத்துப் பிடித்துப் பாருங்கள். நான்கு கிலோ மெஷின் தரையில் லேசாகத்தான் இருக்கும். பிளேடு மாற்றும் சாவி மெஷினிலேயே செருகி இருக்கிறதா, தண்டைப் பூட்டும் பட்டன் இருக்கிறதா, கையுறை போட்ட கையால் ஆழத் திருகைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். வேக்கம் குழாயின் வாய் மெஷினின் வாய்க்குப் பொருந்துமா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். அளவு மாறினால் அடாப்டர் தேட வேண்டியிருக்கும். கார்பன் பிரஷ் கிடைக்குமா என்று கேளுங்கள், ஒரு ஜோடி சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பழைய சுவர் என்றால் வெட்டும் முன் டிடெக்டர் வைத்து வயரும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று தேடுங்கள். இருக்கிற ஸ்விட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் லைன் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அறையின் சப்ளையை மெயினில் அணைத்துவிட்டு, மெஷினுக்கு வேறு லைனில் கரண்ட் எடுங்கள்.

நூல் அடித்து ஒரு கோடு போடுங்கள். மெஷினைச் சுவரில் ஊன்றி, பிளேடு சுவரைத் தொடாத நிலையில் இயக்கி, முழு வேகம் வந்த பிறகு மெல்ல இறக்குங்கள். பிளேடு சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில்தான் மெஷினை நகர்த்த வேண்டும். மூடியில் அம்புக்குறி இருக்கும். சுற்றும் திசையிலேயே தள்ளினால் பிளேடு சுவரில் ஏறி மெஷினையே வெட்டிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடும். வெட்டுக்குள் இருக்கும்போது திருப்ப முயலாதீர்கள், காடி மெஷினில் வளைவு வராது. மோட்டார் சத்தம் கம்மினால் தள்ளுவதைக் குறையுங்கள். முடித்ததும் பிளேடை வெளியே எடுத்து, மூடிக்குள் முழுசாக நின்ற பிறகே கீழே வையுங்கள்.

முடிவிடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பிளேடு வட்டமானது என்பதால் 125 மி.மீ. பிளேடு 30 மி.மீ. ஆழம் இறங்கும்போது, அடி எங்கே முடிகிறதோ அதைத் தாண்டி சுவர் முகத்தில் 5 செ.மீ. கூடுதலாக வெட்டுக்கோடு போகும். ஸ்விட்ச் பாக்ஸ் வரை முழு ஆழம் வேண்டுமென்று வெட்டினால் அந்தக் கோடு பாக்ஸின் எல்லையைத் தாண்டி அசிங்கமாகத் தெரியும். ஆகவே பாக்ஸுக்கு ஒரு சாண் முன்பே மெஷினை நிறுத்திவிட்டு மீதியை உளியால் முடியுங்கள். கூரையை ஒட்டிய கடைசிப் பகுதிக்கும் மெஷின் உடம்பு போகாது, அங்கேயும் உளிதான்.

முதல் மீட்டர் முடிந்ததும் நாக்கை எடுத்துவிட்டு, கையில் இருக்கும் பைப்பில் ஒரு துண்டை வெட்டி காடிக்குள் வையுங்கள். நேரான பலகை ஒன்றைச் சுவரின் மேல் குறுக்கே வைத்து, பைப்புக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி 10 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆழத் திருகை இறுக்கிக்கொண்டு அடுத்த மீட்டருக்குப் போங்கள்.